பள்ளியில் இருந்தபடியே கல்லூரிக் கணக்கில் வரவு

கல்லூரிப் படிப்பு எங்கே தொடங்குகிறது? "பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு" என்று நீங்கள் சட்டென்று விடை சொல்லிவிடுவீர்கள். இதே கேள்வியை உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். விடை வேறாக இருக்கும்.

1978-ஆம் ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் நேரே கல்லூரிக்குப் போய், அங்கே ஓராண்டு பி.யு.சி. படிப்பார்கள். அதற்கும் முந்திய காலத்தில் இன்டர்மீடியட் என்ற ஈராண்டுப் படிப்பும் கல்லூரியிலேயே நடந்தது. 1978-இல் மேல்நிலைப் படிப்பு வந்தது. கல்லூரியில் நடந்துகொண்டிருந்த பாடங்களில் பெரும் பகுதி பள்ளிக்கூடத்துக்கு இடம் பெயர்ந்தது. இதனால் முக்கோணவியல் மாறிவிட்டதா? அமிலமும் காரமும் வேறு விதமாக வினைபுரியத் தொடங்கினவா? இல்லை. பாடம் பாடமாகவே இருந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே மனிதர்கள் போட்டிருந்த கோடுதான் நகர்ந்தது.

அந்தக் கோடு இயற்கை போட்டதல்ல என்றால், அதைத் தாண்டத் தயாராக இருக்கும் மாணவன் ஒருவனை அது தடுக்கலாமா? கல்லூரி முதலாண்டுக் கணக்கைப் பதினோராம் வகுப்பிலேயே நன்றாகப் போடத் தெரிந்தவள், அதே கணக்கைக் கல்லூரியில் மறுபடியும் முதலிலிருந்து படிக்கத்தான் வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்கு அவர்கள் கண்ட விடைதான், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் சேர்க்கும் முறை. அது எப்படி நடக்கிறது, எங்கே பலன் தருகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

கிரெடிட் என்றால் என்ன?

வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பற்று, வரவு என்று இரண்டு பத்திகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரெடிட் என்பது வரவு. ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால், மாணவரின் கணக்கில் இத்தனை கிரெடிட் என்று வரவு வைப்பார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் பட்டம் கிடைக்கும்.

அளவு எவ்வளவு? பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். ஒரு பருவம் ஏறத்தாழ 15 வாரம். வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, அதோடு வெளியில் இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு. இதை ஒரு பருவம் முழுதும் செய்தால் ஒரு கிரெடிட். அதாவது 15 மணி வகுப்பும் 30 மணி சொந்தப் படிப்பும் சேர்ந்து 45 மணி நேர உழைப்பு. சாதாரணப் பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட் இருக்கும். நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். இப்போது பெருக்கிப் பாருங்கள்: 120 × 45 = 5,400 மணி. ஒரு பட்டத்தின் "எடை" இது!

படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓய்வூதியத்திலிருந்து! எஃகுத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி, 1905-ஆம் ஆண்டில் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கவனிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. எது உண்மையான கல்லூரி, எது பெயருக்குக் கல்லூரி என்று பிரித்தறிய அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. அத்தகைய 14 அலகுகள் முடித்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம் என்று அது விதித்தது. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வேண்டாமா? கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன. பள்ளிகளும் அதற்கேற்ப மாறின. "கார்னகி அலகு" என்ற பெயரில் அந்த அளவுகோல் இன்றும் வழங்குகிறது.

நேரம் அளவாகுமா?

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். கடிகாரம் நேரத்தைத்தானே அளக்கும்? கற்றதை அளக்குமா?

அடுப்பில் இரண்டு பானைகளில் அரிசி போட்டிருக்கிறது. இரண்டும் அரை மணி நேரமாகக் கொதிக்கின்றன. ஒன்று பழைய அரிசி, ஒன்று புது அரிசி. ஒரு பானையின் கீழே தீ நன்றாக எரிகிறது, மற்றதில் விறகு ஈரம். அரை மணி ஆயிற்று என்பதால் இரண்டும் வெந்துவிட்டன என்று அம்மா இறக்கிவிடுவாரா? மாட்டார். அகப்பையில் நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

கிரெடிட் தருவதற்கும் இந்த இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, பானை எத்தனை நேரம் அடுப்பில் இருந்தது என்று பார்ப்பது. மற்றது, பருக்கையை எடுத்துப் பதம் பார்ப்பது. பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிக் கிரெடிட் தரும் இரண்டு பெரிய திட்டங்களில் ஒன்று பதம் பார்ப்பதையே முழுதாக நம்புகிறது. மற்றது கல்லூரி வகுப்பில் முழுப் பருவமும் இருந்து படிப்பதை நம்புகிறது.

முதல் வழி: தேர்வு

1950-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் சில ஆசிரியர்கள் ஒரு வீணடிப்பைக் கவனித்தார்கள். நல்ல பள்ளிகளில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள், பள்ளியில் படித்ததையே முதலாண்டில் திரும்பவும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பள்ளிகளும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் கூடி இதை ஆராய்ந்து 1952-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸ் தலைமையில் வேறொரு குழு, பள்ளியிலேயே நடத்தக்கூடிய கல்லூரிப் பாடத் திட்டங்களையும் அவற்றுக்கான தேர்வுகளையும் வகுத்தது. இரு முயற்சிகளுக்கும் ஃபோர்டு அறக்கட்டளையிலிருந்து பணம் வந்தது. 1955-இல் காலேஜ் போர்டு என்ற அமைப்பு இந்தப் பொறுப்பை ஏற்றது. "அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்", சுருக்கமாக ஏ.பி., என்று இதற்குப் பெயர். 1956-ஆம் ஆண்டுத் தேர்வை 104 பள்ளிகளிலிருந்து 1,229 மாணவர்கள் எழுதினார்கள். இன்று ஏறத்தாழ நாற்பது பாடங்களில், உலகின் பல நாடுகளில், லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள்.

பள்ளியில் ஓராண்டு முழுதும் பாடம் நடக்கும். மே மாதத்தில் தேர்வு. எடுத்துக்காட்டாக, நுண்கணிதத் தேர்வைப் பார்ப்போம். மூன்றே கால் மணி நேரம். முதற் பகுதியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 45 வினாக்கள். இரண்டாம் பகுதியில் வழிமுறையோடு எழுத வேண்டிய 6 கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. ஆக, 54 புள்ளி. இரு பகுதிகளுக்கும் சம எடை வேண்டும் என்பதற்காக முதற் பகுதியில் கிடைத்த 45-ஐ 1.2-ஆல் பெருக்குவார்கள். 45 × 1.2 = 54. மொத்தம் 108.

எழுதிய கணக்குகளைத் திருத்துவது யார்? ஜூன் மாதத்தில் கல்லூரிப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் இந்த வேலையில் இறங்குவார்கள். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று முதலில் பயிற்சி நடக்கும். வழிமுறை சரியாக இருந்து கடைசிக் கூட்டலில் தவறியவருக்குப் பெரும் பகுதிப் புள்ளிகள் கிடைத்துவிடும். முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். 3 என்றால் கல்லூரிப் பாடத்துக்குத் தகுதி உண்டு. 5 என்றால் மிக நல்ல தகுதி.

வெப்பமானியைப் போல ஒரு தேர்வு

இனி ஓர் அறிவியல் கேள்வி. வினாத்தாள் ஆண்டுதோறும் மாறுகிறது. இந்த ஆண்டுத் தாள் எளிது, சென்ற ஆண்டுத் தாள் கடினம் என்றால், இரண்டு ஆண்டுகளின் 4-உம் ஒன்றாகுமா?

புதிதாகச் செய்த வெப்பமானியில் எப்படிக் கோடு போடுகிறார்கள் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். உருகும் பனிக்கட்டியில் வைத்து ஒரு கோடு. கொதிக்கும் நீரின் ஆவியில் வைத்து ஒரு கோடு. இரண்டு நிலையான புள்ளிகள் கிடைத்துவிட்டால் இடையில் உள்ளதைப் பிரித்துக்கொள்ளலாம். தேர்வுக்கும் இத்தகைய நிலையான புள்ளிகள் வேண்டும்.

அதற்கு ஓர் உபாயம் உண்டு. முந்திய ஆண்டுத் தாளில் இருந்த சில தேர்ந்தெடுக்கும் வினாக்களை, யாருக்கும் தெரியாமல் புதிய தாளிலும் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பொது வினாக்களில் இந்த ஆண்டு மாணவர்களும் சென்ற ஆண்டு மாணவர்களும் ஒரே அளவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் புதிய வினாக்களில் மட்டும் இந்த ஆண்டினர் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் மாணவர்கள் மோசமில்லை, தாள்தான் கடினம். அப்போது 4 பெறுவதற்கான எல்லையைக் கொஞ்சம் இறக்குவார்கள். பொது வினாக்களிலும் குறைந்திருந்தால், குறை மாணவர்களுடையது, எல்லை இறங்காது.

இன்னொரு நிலையான புள்ளி கல்லூரியிலிருந்தே கிடைக்கிறது. கல்லூரியில் அதே பாடத்தைப் படித்து முடிக்கும் மாணவர்களிடம் ஏ.பி. வினாக்களைக் கொடுத்து எழுதச் சொல்லி, கல்லூரியில் உயர்ந்த தரம் பெற்றவர்கள் இந்தத் தேர்வில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்துக்கேற்ப எல்லைகள் வகுக்கப்பட்டன. ஆகவே 5 என்பது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கல்ல. "கல்லூரியில் இந்தத் தரம் பெறும் மாணவருக்குச் சமம்" என்ற ஒப்பீடு.

பதினெட்டுப் பேரின் கதை

தேர்வு வழியில் எவ்வளவு பெரிய பலன் இருக்கிறது, எவ்வளவு சந்தேகமும் இருக்கிறது என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் ஹைமே எஸ்கலாண்டே. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்ததும், அவர் சொந்த நாட்டில் பெற்ற ஆசிரியத் தகுதி கலிபோர்னியாவில் செல்லாது என்று ஆயிற்று. உணவு விடுதியில் வேலை செய்தார். பிறகு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கல்லூரியில் மறுபடியும் சேர்ந்து புதிதாகப் பட்டம் பெற்று, 1974-இல் கார்ஃபீல்டு பள்ளியில் ஆசிரியரானார்.

1982-ஆம் ஆண்டில் அவரது மாணவர்கள் 18 பேர் ஏ.பி. நுண்கணிதத் தேர்வு எழுதினார்கள். பதினெட்டுப் பேரும் தேறினார்கள்! பள்ளி கொண்டாடியது. ஆனால் தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தது. பலருடைய விடைத்தாள்களில் ஒரே கணக்கில் ஒரே மாதிரியான தவறு இருந்தது. 14 மாணவர்களின் மதிப்பெண்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒரே ஆசிரியரிடம், ஒரே முறையில் படித்ததால்தான் தவறும் ஒரே மாதிரி வந்தது என்றார்கள் பள்ளித் தரப்பில். ஏழைப் பிள்ளைகள் என்பதால்தான் சந்தேகமா என்ற கேள்வியும் எழுந்தது.

சற்றுச் சிந்தியுங்கள். ஓர் ஆய்வின் முடிவை மற்றவர்கள் நம்ப மறுத்தால் விஞ்ஞானி என்ன செய்வார்? ஆய்வைத் திரும்பச் செய்து காட்டுவார். அந்த மாணவர்களும் அதைத்தான் செய்தார்கள். 14 பேரில் 12 பேர் கோடை விடுமுறையின் கடைசியில் வேறொரு தாளை எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். அவர்களுடைய மதிப்பெண்கள் திரும்பக் கிடைத்தன. 1988-இல் இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது.

இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்கலாண்டேக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அதை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. மாணவர்களுக்கு நுண்கணிதம் தெரியாதா? தெரியும். ஆனால் அதை நம்ப முதலில் ஆளில்லை. அறிவு வேறு, அதற்குக் கிடைக்கும் சான்று வேறு. கிரெடிட் என்பது சான்று மட்டுமே. இதை மனத்தில் இருத்திக்கொண்டு இரண்டாம் வழிக்குப் போவோம்.

இரண்டாம் வழி: கல்லூரி வகுப்பிலேயே உட்காருவது

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்ற ஈராண்டுக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் உண்டு. கட்டணம் குறைவு. இவற்றில் மிகப் பழைய அரசுக் கல்லூரி இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் இருக்கிறது. அது 1901-இல் எங்கே தொடங்கியது தெரியுமா? ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஆறே மாணவர்களோடு! பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு அதே பள்ளியில் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தலாமே என்று நினைத்தார்கள். கோடு அன்றைக்கே கொஞ்சம் அழிந்துவிட்டது.

1955-இல் கனெக்டிகட் பல்கலைக் கழகம் வேறொரு வழி கண்டது. பல்கலைக் கழகத்தின் பாடத்தை, பல்கலைக் கழகம் ஒப்புக்கொண்ட பள்ளி ஆசிரியரே பள்ளி வகுப்பறையில் நடத்துவார். தேறியவர்களுக்குப் பல்கலைக் கழகம் கிரெடிட் தரும். 1985-இல் மினசோட்டா மாநிலம் இன்னும் ஓர் அடி முன்னே போய்ச் சட்டமே இயற்றியது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்கே போய்ப் படிக்கலாம்; செலவு அரசினுடையது. ஒரே பாடம், பள்ளிக் கணக்கிலும் வரவு, கல்லூரிக் கணக்கிலும் வரவு. இதனால் இதற்கு இரட்டைச் சேர்க்கை என்று பெயர். பிறகு பல மாநிலங்கள் இத்தகைய சட்டங்கள் செய்தன. 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இந்த வழியில் கல்லூரிப் பாடம் படித்தார்கள்.

இதையே முழுப் பள்ளியாக விரித்தவர்களும் உண்டு. 1974-இல் நியூயார்க் நகரின் லாகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. படிப்பை நடுவில் விட்டுவிடக் கூடியவர்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளுக்காகவே அது அமைந்தது. 2011-இல் புரூக்ளின் பகுதியில் தொடங்கிய பி-டெக் என்ற பள்ளியில் படிப்பு நான்கு ஆண்டல்ல, ஆறு ஆண்டு. வெளியே வரும்போது கையில் பள்ளிச் சான்றிதழும் ஈராண்டுக் கல்லூரிப் பட்டமும் இருக்கும்.

இந்த வழியின் நன்மை என்ன? ஒரே நாளில் மூன்று மணி நேரத் தேர்வை நம்பியிருக்க வேண்டியதில்லை. பருவம் முழுதும் செய்த ஆய்வுக் குறிப்புகள், கட்டுரைகள், சிறு தேர்வுகள் எல்லாம் சேர்ந்து மதிப்பெண் ஆகும். சிற்றூர்ப் பள்ளியில் இயற்பியலில் உயர்ந்த பாடம் நடத்த ஆசிரியர் இல்லாவிட்டால், பக்கத்துக் கல்லூரி கைகொடுக்கும்.

ஆபத்து என்ன? ஏ.பி. தேர்வில் 1 வாங்கினால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். இரட்டைச் சேர்க்கையில் அப்படி முடியாது. பதினாறு வயதில் கல்லூரிப் பாடத்தில் தோற்றால், அது கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நிற்கும். பின்னாளில் உதவித் தொகை கேட்கும்போது அந்தப் பதிவு குறுக்கே வரக்கூடும்.

காசோலையை எந்த வங்கி மாற்றும்?

உங்கள் கையில் ஒரு காசோலை இருக்கிறது. அதில் தொகை எழுதியிருக்கிறது. ஆனால் வங்கி ஏற்றுக்கொண்டால்தான் அது பணம். கிரெடிட்டும் அப்படித்தான். அதைத் தருபவர் ஒருவர், ஏற்பவர் வேறொருவர்.

இல்லினாய் மாநிலம் 2015-இல் ஒரு சட்டம் செய்தது: ஏ.பி. தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தந்தே ஆக வேண்டும். எம்.ஐ.டி. என்று புகழ்பெற்ற மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்திலோ, நுண்கணிதத்தின் விரிவான தேர்வில் 5 வாங்கினால்தான் முதற் பருவக் கணக்குக்குக் கிரெடிட். டார்ட்மத் கல்லூரி இன்னும் கடுமை. 2014-இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி, ஏ.பி. தேர்வுக்குப் பட்டக் கிரெடிட் கிடையாது என்று 2013-இல் அறிவித்தது. முன்னதாக அங்கே உளவியல் துறையில் ஒரு சோதனை செய்தார்கள். ஏ.பி. உளவியலில் 5 வாங்கி வந்த மாணவர்களிடம் தங்கள் அறிமுகப் பாடத்தின் தேர்வைக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் தேறவில்லை. அந்தச் சோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று காலேஜ் போர்டு மறுத்துப் பேசியது. என்றாலும் கல்லூரி தன் முடிவை மாற்றவில்லை. கிரெடிட் தராவிட்டாலும், தகுதியுள்ளவர்கள் நேரே அடுத்த நிலை வகுப்பில் சேர அனுமதித்தது.

இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று, வரவு. மற்றொன்று, இடம். வரவு கிடைத்தால் பட்டத்துக்கான எண்ணிக்கை குறையும். இடம் மட்டும் கிடைத்தால் எண்ணிக்கை குறையாது; ஆனால் தெரிந்ததையே திரும்பப் படிக்க வேண்டியதில்லை. "அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்" என்ற பெயருக்கே முன்னேறிய இடத்தில் அமர்த்துவது என்றுதான் பொருள்.

முப்பது கிரெடிட் சேர்த்தால் ஓராண்டு மிச்சமா?

கணக்குப்படி ஆண்டுக்கு 30 கிரெடிட். பள்ளியிலேயே 30 சேர்த்துவிட்டால் நான்காண்டுப் பட்டம் மூன்றே ஆண்டில் முடியுமா? சிலருக்கு முடிகிறது. அப்படி முடிந்தால் ஓராண்டுக் கட்டணமும், விடுதிச் செலவும் மிச்சம். 2025-இல் ஓர் ஏ.பி. தேர்வின் கட்டணம் அமெரிக்காவில் 99 டாலர். அதே பாடத்தைக் கல்லூரியில் படிக்க ஆகும் செலவு பல மடங்கு. கடன் வாங்கிப் படிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் எல்லாருக்கும் முடிவதில்லை. ஏன்? பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் நுண்கணிதம் படித்தால்தான் இரண்டாம் நுண்கணிதம். அது முடிந்தால்தான் மூன்றாவது. பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள். அதன் பிறகுதான் மின்சுற்று, வெப்பவியல் போன்ற மேற்பாடங்கள். இது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பருவம். அவள் பள்ளியில் வரலாறு, உளவியல், பொருளாதாரம் ஆகியவற்றில் கிரெடிட் சேர்த்திருந்தால், எண்ணிக்கை கூடும். சங்கிலி அப்படியே இருக்கும். நுண்கணிதத்தில் சேர்த்திருந்தால், சங்கிலியின் இரண்டு கண்ணிகள் குறைந்துவிடும்.

வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். அடித்தளம் போடாமல் சுவர் எழுப்ப முடியாது. சுவர் எழுப்பாமல் கூரை போட முடியாது. கதவுக்கு வர்ணம் பூசுவதை எத்தனை சீக்கிரம் முடித்தாலும் கூரை சீக்கிரம் வராது. ஆகவே எத்தனை கிரெடிட் என்று எண்ணுவதைவிட, எந்தக் கிரெடிட் என்று பார்ப்பதே முக்கியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கிடைத்த பாடங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, கல்லூரிக்குப் போன பிறகு அவற்றில் பாதி எதற்கும் கணக்கில் வராமல் நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. இந்த விவரங்களை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் வலிக்கிறது.

நம் நாட்டில்

கிரெடிட் கணக்கு இப்போது நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. உயர்கல்விக்காக 2021-இல் கிரெடிட் வங்கி ஒன்று அமைக்கப்பட்டது. 2023-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசியக் கிரெடிட் கட்டமைப்பு பள்ளிப் படிப்பையும் அதே கணக்குக்குள் கொண்டுவருகிறது. அதன்படி ஓராண்டின் 1,200 மணி நேரக் கற்றலுக்கு 40 கிரெடிட். வகுத்துப் பாருங்கள், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. அமெரிக்காவிலோ 45 மணி. மைலும் கிலோமீட்டரும் போல, பெயர் எதுவானாலும் அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம்

நேரத்துக்கும் கற்றலுக்கும் உள்ள உறவை அறிய அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நீங்கள் படித்த பாடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் வகுப்பிலும் வீட்டிலுமாக ஏறத்தாழ எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பத்து வினாக்களை ஒரு நண்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். திருத்துவதும் அந்த நண்பரே. மணி ஒரு பத்தியிலும் மதிப்பெண் மறு பத்தியிலுமாக ஒரு பட்டியல் போடுங்கள்.

அதிக நேரம் செலவான பாடத்தில்தான் அதிக மதிப்பெண் வந்திருக்கிறதா? வரவில்லையென்றால், ஏன்? பாடம் கடினமா, படித்த முறை சரியில்லையா, அல்லது உங்கள் நண்பர் கேட்ட வினாக்கள் கடினமா? கடைசிக் காரணத்தை ஒதுக்குவதற்கு என்ன செய்யலாம்? வெப்பமானியின் கதையை மறுபடி படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.